‘கன்சல்ட்’: கேட்பது யார், சொல்வது யார்?

பரளியாறு எழுதியது:

வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பரீட்சைக்குப் படிக்கிறேன். அதில் எழுத்துத் தேர்வு 45 நிமிடம். நோயாளியின் குறிப்புகளைப் படிக்க முதல் 5 நிமிடம். மீதி 40 நிமிடத்தில் அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்னொரு டாக்டருக்கோ, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸுக்கோ.

அதில் என்னைப் பாடாய்ப் படுத்துவது ‘கன்சல்ட்’ என்ற வினைச்சொல்தான். வார்டில் தினமும் காதில் விழுகிற நாலு வாக்கியங்களைக் கீழே தருகிறேன்.

‘தி பேஷன்ட் வாஸ் கன்சல்ட்டட் பை எ கார்டியாலஜிஸ்ட்.’
‘ஷி வாஸ் அட்வைஸ்ட் டு கன்சல்ட் டு எ டயட்டீஷியன்.’
‘ப்ளீஸ் கன்சல்ட் வித் ஹெர் டாட்டர் அபவுட் தி டயட்.’
‘கார்டியாலஜி கன்சல்ட் டன்.’

இதில் எது சரி, எது தப்பு? கோச்சிங்கில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். காரணத்தோடு யாராவது சொன்னால் நல்லது.

வேளிமலை எழுதியது:

மகளே, முதல் வாக்கியத்தில்தான் பெரிய சிக்கல். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

‘கன்சல்ட்’ என்றால் விஷயம் தெரிந்தவரிடம் போய் யோசனை கேட்பது. போகிறவர் எழுவாய். யாரைத் தேடிப் போகிறாரோ அவர் செயப்படுபொருள். ‘ஷி கன்சல்ட்டட் எ கார்டியாலஜிஸ்ட்’ என்றால் அந்த அம்மா இதய டாக்டரிடம் போனார். நீங்கள் எழுதியிருக்கிற முதல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘எ கார்டியாலஜிஸ்ட் கன்சல்ட்டட் தி பேஷன்ட்’ என்று வரும். இதய டாக்டர் நோயாளியிடம் வந்து யோசனை கேட்டார் என்று அர்த்தமாகிவிடும். இலக்கணம் எங்கேயும் உடையவில்லை, அதனால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. ஆனால் பொருள் தலைகீழ். அங்கே வேண்டியது ‘வாஸ் சீன் பை’ அல்லது ‘வாஸ் ரிவ்யூட் பை’.

வார்டு டாக்டரே இதய டாக்டரின் கருத்தைக் கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால் ‘எ கார்டியாலஜிஸ்ட் வாஸ் கன்சல்ட்டட்’ என்று எழுதலாம். அது முழுக்கச் சரி.

அடுத்தது ‘கன்சல்ட் டு’. எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பார்த்த தப்பு இது. ‘டாக்டரிடம் கேட்டேன்’ என்று யோசிக்கிறோம், அந்த ‘இடம்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ ஆகிவிடுகிறது. ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்று மனதில் வையுங்கள். அங்கே ‘ஐ’ வேற்றுமை வந்துவிடுகிறது, ‘டு’வுக்கு இடமில்லை. ‘கன்சல்ட் எ டயட்டீஷியன்’, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘ரெஃபர்’ என்ற பக்கத்து வினைச்சொல்லுக்கு ‘டு’ கட்டாயம் வேண்டும். ‘தி டாக்டர் ரெஃபர்ட் ஹெர் டு எ டயட்டீஷியன்.’ அகராதி பார்ப்பதைச் சொல்லும்போதும் ‘ரெஃபர் டு எ டிக்‌ஷனரி’ என்றால் ‘டு’ உண்டு, ‘கன்சல்ட் எ டிக்‌ஷனரி’ என்றால் இல்லை. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அதனால் அந்த ‘டு’ இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது வாக்கியம் தப்பில்லை. ‘வித்’ வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து கலந்து பேசுகிறார்கள் என்று தொனிக்கும். சாப்பாட்டு விஷயத்தில் சமைத்துப் போடுகிற மகளுக்கும் சொல்ல இருக்கிறது, நர்ஸுக்கும் சொல்ல இருக்கிறது. அங்கே ‘வித்’ பொருந்தும். அமெரிக்கர்கள் இதை அதிகமாகப் பயன்படுத்துவார்கள். ஆனால் புத்தகம், வரைபடம், அட்டவணை எதற்கும் ‘வித்’ போடக்கூடாது. புத்தகம் நம்மோடு திருப்பிப் பேசாது.

நாலாவதில் இருப்பது பெயர்ச்சொல். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு: வினையாகச் சொல்லும்போது ‘சல்ட்’டில் அழுத்தம், பெயராகச் சொல்லும்போது பொதுவாக ‘கன்’னில். கேஸ் ஷீட்டில் எழுதலாம், கடிதத்தில் வேண்டாம். கடிதத்துக்கு முழு வாக்கியம் வேண்டும்.

குளச்சல்துறை எழுதியது:

சார், ஒரு சந்தேகம். டாக்டர் வீட்டு கேட்டில் ‘கன்சல்டிங் டைம் மாலை 5 முதல் 8 வரை’ என்று போர்டு தொங்குகிறது. ‘திருவனந்தபுரத்துப் பிரபல டாக்டர் செவ்வாய்தோறும் மார்த்தாண்டத்தில் கன்சல்ட் செய்கிறார்’ என்று நோட்டீஸ் வருகிறது. நீங்கள் சொல்வதுபடி பார்த்தால் அவர் செவ்வாய்தோறும் யாரிடமோ யோசனை கேட்கிறார் என்றல்லவா ஆகும்?

திற்பரப்பு எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணாச்சி. நான் இங்கிலாந்தில் வார்டு நர்ஸ்.

‘கன்சல்ட்’டுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, ஆலோசகராகத் தொழில் செய்வது. ‘ஷி கன்சல்ட்ஸ் ஃபார் செவரல் கம்பெனீஸ்’ என்றால் அவர் பல கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறார். அங்கே செயப்படுபொருளே கிடையாது, ‘ஃபார்’ வருகிறது. நம் ஊர் நோட்டீஸில் டாக்டர் ‘கன்சல்ட்’ செய்வது இந்தப் பொருளில்தான். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். இங்கே டாக்டரைப் பற்றி ‘சீஸ் பேஷன்ட்ஸ்’ என்றுதான் சாதாரணமாகச் சொல்வார்கள். ‘கன்சல்டிங் ரூம்’ மட்டும் இங்கேயும் உண்டு.

பரளியாறு, நீங்கள் கவனிக்க வேண்டியது ‘கன்சல்டன்ட்’. நம் ஊரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற எந்த டாக்டரும் கன்சல்டன்ட்தான். இங்கே அது ஒரு பதவி. சிறப்புப் பயிற்சி முழுவதும் முடித்து, அந்தப் பிரிவில் நோயாளிக்கு முழுப் பொறுப்பேற்கிற மூத்த டாக்டர். அவருக்குக் கீழே ரெஜிஸ்ட்ரார், அதற்கும் கீழே இளைய டாக்டர்கள். அறுவை சிகிச்சை கன்சல்டன்டை ‘டாக்டர்’ என்றுகூட அழைக்க மாட்டார்கள், ‘மிஸ்டர்’ அல்லது ‘மிஸ்’ என்பார்கள். ஆகவே குறிப்பில் ‘டாக்டர்’ என்று மட்டும் இருந்தால் கடிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று மாற்றாதீர்கள். படிக்கிறவருக்கு வேறு ஆள் என்று தோன்றும்.

அப்புறம், வார்டு குறிப்பில் நாங்கள் தினமும் எழுதுகிற சொற்கள் மூன்று. நேரில் வந்து பார்த்தால் ‘சீன் பை’. ஏற்கெனவே இருக்கிற சிகிச்சையைத் திரும்பப் பார்த்து முடிவெடுத்தால் ‘ரிவ்யூட் பை’. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் ரெஜிஸ்ட்ராரை எழுப்பிக் கேட்டால் ‘டிஸ்கஸ்ட் வித்’. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் முக்கியம். டாக்டர் கட்டில் பக்கம் வந்தாரா, போனிலேயே சொன்னாரா என்பது பின்னால் கேள்வி வரும்போது பெரிய விஷயமாகிவிடும். நம் வார்டில் எல்லாவற்றுக்கும் ‘கன்சல்டேஷன் கிவன்’ என்று ஒரே வரி எழுதிவிடுகிறோம். யார் வந்தார், யார் சொன்னார் என்பதே அதில் தெரியாது.

பரளியாறு எழுதியது:

அக்கா, இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘டிஸ்கஸ்ட் வித்’ என்றுதான் வருமா? ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று நாங்கள் எழுதுகிறோமே.

திற்பரப்பு எழுதியது:

‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபவுட்’ வேண்டாம். ‘ஐ டிஸ்கஸ்ட் ஹெர் மெடிசின்ஸ் வித் தி டாக்டர்.’ ‘கன்சல்ட்’டுக்கு ‘அபவுட்’ வரும்: ‘ஐ கன்சல்ட்டட் தி டாக்டர் அபவுட் ஹெர் மெடிசின்ஸ்.’ முதல் வாக்கியத்தில் முதலில் பொருள், பிறகு ஆள். இரண்டாவதில் முதலில் ஆள், பிறகு பொருள்.

ரப்பர்க்காடு எழுதியது:

கொஞ்சம் பாதை மாறுகிறேன், மன்னியுங்கள். நர்ஸுகள் படிக்கிற இழை என்பதால் சொல்லியே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் ‘கன்சல்டன்சி’ என்றால் யோசனை சொல்கிற இடம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி என்றுதான் அர்த்தம். என் அக்கா மகன் அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டினான். விசா வரவில்லை, பணமும் வரவில்லை. போய்க் கேட்டபோது, ‘நாங்கள் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லையே, ஆலோசனைக்கான கட்டணம்தான் வாங்கினோம்’ என்று ரசீதைக் காட்டினார்கள். ரசீதில் அந்த ஆங்கிலச் சொல் அப்படியே இருந்தது.

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. போர்டில் கன்சல்டன்சி என்று இருப்பதாலேயே ஆள் அனுப்பும் உரிமை வந்துவிடாது. பணம் கட்டுவதற்கு முன்னால் பெயரையும் பதிவு எண்ணையும் அந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

வேளிமலை எழுதியது:

பாதை மாறவில்லை ஐயா, இதுவும் அந்தச் சொல்லின் கதைதான். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. ‘கவுன்சிலிங்’ கதையும் இதேதான். ‘கவுன்சல்’ என்றால் யோசனை சொல்வது, ‘கன்சல்ட்’டுக்கு நேர் எதிர்த் திசை. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் காலேஜில் சீட் எடுப்பது. யாரும் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

கோட்டைவாசல் எழுதியது:

வக்கீல் தொழிலில் இருக்கிறேன். ‘கன்சல்ட்’ என்ற சொல்லுக்காக உச்ச நீதிமன்றமே பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறது. இந்த இழையில் அது இல்லாமல் போனால் குறையாகிவிடும்.

அரசியலமைப்பின் 124, 217-ஆம் பிரிவுகள் நீதிபதி நியமனத்தைப் பற்றியவை. குடியரசுத் தலைவர் இன்னின்னாரைக் ‘கன்சல்ட்’ செய்த பிறகு நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. தலைமை நீதிபதியைக் கேட்டாக வேண்டும், சரி. கேட்டுவிட்டு அதற்கு மாறாக முடிவெடுக்கலாமா? 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில், எடுக்கலாம் என்றது நீதிமன்றம். கருத்தைக் கேட்பது வேறு, சம்மதம் வாங்குவது வேறு, தலைமை நீதிபதியின் கருத்து அரசைக் கட்டாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். 1993-இல் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. நீதித்துறையின் சுதந்திரத்தைக் காக்க வேண்டுமானால், இந்த இடத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்றது. கிட்டத்தட்ட சம்மதம் என்ற அளவுக்கு அந்தச் சொல் உயர்ந்தது. 1998-இல், தலைமை நீதிபதி தனியாகச் சொன்னால் போதாது, உச்ச நீதிமன்ற நியமனம் என்றால் மூத்த நீதிபதிகள் 4 பேரோடு கலந்து சொல்ல வேண்டும் என்று வந்தது. நீதிபதிகளின் பெயரைப் பரிந்துரைக்கிற மூத்த நீதிபதிகள் குழுவான இன்றைய கொலீஜியம் இப்படி உருவானதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் ‘கன்சல்ட்’ செய்ய வேண்டும் என்கிறது 320-ஆம் பிரிவு. அப்படிக் கேட்காமல் விட்டால் நடவடிக்கையே செல்லாமல் போகுமா? போகாது என்று 1957-லேயே மன்போதன் லால் வழக்கில் தீர்ப்பு. ஒரே அரசியலமைப்பு, ஒரே சொல். ஓரிடத்தில் கிட்டத்தட்ட சம்மதம், இன்னோரிடத்தில் விட்டாலும் பாதகமில்லை.

குளச்சல்துறை எழுதியது:

வக்கீல் சார், நான் கடற்கரைக்காரன். எங்களுக்கு இது இலக்கணப் பிரச்சினை இல்லை, பிழைப்புப் பிரச்சினை. துறைமுகம், தாது மணல் என்று எது பேச்சு வந்தாலும் ‘மக்களைக் கன்சல்ட் செய்வோம்’ என்கிறார்கள். கேட்டுவிட்டு அவர்கள் இஷ்டத்துக்குச் செய்யலாம் என்றால் எங்களை எதற்குக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்? என்னைக் கேட்டால் ‘கன்சல்ட்’ என்பது ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்பது.

வேளிமலை எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சொல்லை அவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிவெடுத்த பிறகு சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘இன்ஃபார்ம்’ என்று வேறு சொல் இருக்கிறது. ‘கன்சல்ட்’ என்றால் முடிவுக்கு முன்னால் கேட்பது. கேட்கிற ஆளின் மனம் மாற இடம் இருக்க வேண்டும். ‘வி வேர் நாட் கன்சல்ட்டட்’ என்று ஊர் மக்கள் சொன்னால் அது கனமான குற்றச்சாட்டு. கூட்டம் நடந்திருந்தாலும், முடிவு அதற்கு முன்பே ஆகியிருந்தால் அந்த வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்லலாம்.

கோட்டைவாசல் எழுதியது:

வேளிமலை சார் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன். நடைமுறை எப்படி என்று சொல்கிறேன்.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதை ‘பப்ளிக் கன்சல்டேஷன்’ என்கிறது. அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, திட்ட இடத்திலோ அதன் பக்கத்திலோ நடக்கிற கூட்டம். தமிழில் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று நோட்டீஸ் வருமே, அது. இன்னொன்று, எழுத்தில் கருத்து அனுப்புவது. பலருக்கு இரண்டாவது தெரியாது. கூட்டத்துக்குப் போக முடியாதவர் எழுதி அனுப்பலாம்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது, அதனால் புறக்கணித்தால் கூட்டம் நடக்காது என்று நம்பிவிடாதீர்கள். கூட்டம் முடியும்போது பதிவான நடவடிக்கைகளை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். நீங்கள் சொன்னது அதில் வந்திருக்கிறதா என்று அங்கேயே கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பதிவான கவலைகளுக்கெல்லாம் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வழக்கில் அது பெரிய ஆயுதம்.

ஆனால் இது ஓட்டெடுப்பு இல்லை. சம்மதம் வேறு என்பதற்கு 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பாருங்கள். சமூகத் தாக்க மதிப்பீட்டுக்குப் பஞ்சாயத்தைக் ‘கன்சல்ட்’ செய்ய வேண்டும் என்கிறது. அதே சட்டம், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் ‘கன்சென்ட்’ வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமானால் 70 சதவீதம் வேண்டும் என்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்தால் இந்த இரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

குளச்சல்துறை எழுதியது:

எழுதி அனுப்பலாம் என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடலுக்குப் போயிருக்கிறவனுக்கு அதுதான் வழி. இதை அப்படியே ஊர்க் குழுவில் போடுகிறேன் சார்.

ரப்பர்க்காடு எழுதியது:

வேளிமலை சார், ஆள் இல்லாமல் பொருளைக் ‘கன்சல்ட்’ செய்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். கோயிலில் தேவப்பிரசன்னம் பார்க்கிறோம், கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறோம். இதற்கும் அதே சொல்தானா?

வேளிமலை எழுதியது:

அதேதான். ‘கன்சல்ட் தி அல்மனாக்’, ‘கன்சல்ட் அன் அஸ்ட்ராலஜர்’. கைக்கடிகாரம், வரைபடம், பஸ் அட்டவணை, பழைய பத்திரம் எல்லாவற்றுக்கும் வரும். கள்ளக்கடல் (திடீரென்று எழும்புகிற பேரலை) எச்சரிக்கை இருக்கிறதா என்று, கடல் நிலையை முன்கூட்டிச் சொல்கிற மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்களே, அது ‘கன்சல்ட் தி ஃபோர்காஸ்ட்’. ஏதோ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு நாவல் படிப்பதற்கு வராது.

நாம் ஆளுக்கும் பொருளுக்கும் ‘பார்’ என்றே சொல்லிவிடுகிறோம். டாக்டரைப் பார்த்தேன், ஜோசியரைப் பார்த்தேன், பஞ்சாங்கம் பார்த்தேன். வக்கீலுக்கு மட்டும் ‘வக்கீலைக் கேட்டேன்’ என்றும் வரும். ‘ஆலோசனை’ என்று எழுதுகிற பழக்கம் அலுவலகக் காகிதத்தில்தான். பழைய தமிழில் இதற்குச் ‘சூழ்தல்’ என்று அருமையான சொல் இருந்தது. ‘சூழ்ச்சி’ இன்று சதி என்று ஆகிவிட்டதால் அதை மீட்பது கஷ்டம்.

பரளியாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

‘மிஸஸ் மேரி கன்சல்ட்டட் ஹெர் ஃபேமிலி டாக்டர் அபவுட் செஸ்ட் பெயின் அண்ட் வாஸ் ரெஃபர்ட் டு அவர் ஹாஸ்பிட்டல். ஷி வாஸ் சீன் பை எ கார்டியாலஜிஸ்ட் ஆன் தி சேம் டே. ஹெர் டயட் வாஸ் டிஸ்கஸ்ட் வித் ஹெர் டாட்டர். ப்ளீஸ் அட்வைஸ் ஹெர் டு கன்சல்ட் எ டயட்டீஷியன் இஃப் ஹெர் அப்படைட் டஸ் நாட் இம்ப்ரூவ்.’

(பெயர் பயிற்சிக்காக நானே வைத்தது.)

வேளிமலை எழுதியது:

நன்றாக இருக்கிறது மகளே. மாற்ற ஒன்றும் இல்லை. ‘அட்வைஸ்’ பற்றி மட்டும் ஒரு குறிப்பு: வினைச்சொல்லுக்கு எஸ் எழுத்து, உச்சரிப்பு ‘இஸட்’ போல. பெயர்ச்சொல்லுக்கு சி எழுத்து. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘அன்’ போடாதீர்கள், பின்னால் பன்மை எஸ்ஸும் சேர்க்காதீர்கள். ஒன்று என்று சொல்லியே தீர வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’.

திற்பரப்பு எழுதியது:

எனக்கு ஒரே ஒரு யோசனை. பசி எடுக்காதவரைத் தானாகவே டயட்டீஷியனைத் தேடிப் போகச் சொல்வதை விட, கடிதம் வாங்குகிற நர்ஸே அனுப்பி வைப்பது நல்லது. கடைசி வரியை ‘ப்ளீஸ் ரெஃபர் ஹெர் டு எ டயட்டீஷியன்’ என்று மாற்றுங்கள். வேலை யாருடையது என்று அப்போது தெளிவாகிவிடும். பேசும் தேர்வுக்கு ஜோடி வேண்டுமானால் சொல்லுங்கள், ஞாயிறு சாயங்காலம் நான் சும்மாதான் இருப்பேன்.